பதினேழு ஒன்றுகள்

உங்கள் மேஜையின் முன்கால் ஒன்று ஆடுகிறது, அட்டை ஒன்றை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும் என்று வந்து உட்கார்ந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லவில்லை. அடுத்தவர் இடத்தில் போய்க் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

டீ நன்றாக இருந்தது. பிரகாஷ் என்று நீங்கள் கூப்பிட்ட அந்தக் காவலரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறீர்கள். தட்டச்சு செய்த தாளை என் பக்கம் திருப்பி வைத்து, படிக்க வசதியாக ஜன்னலைக்கூடத் திறந்துவிட்டீர்கள். "படிச்சுட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க டீச்சர். அவ்ளோதான். நம்ம ஜீப்புலயே ஸ்கூல்ல வுட்டுடச் சொல்றேன்" என்றீர்கள்.

படித்தேன். எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை செந்தாமரை, பள்ளியின் சாமான் அறையில் பாம்பு கடித்து இறந்தார். உடனிருந்த தலைமையாசிரியை ரேணுகாதேவி, அதாவது நான், வெளிச்சம் குறைவாக இருந்ததால் கட்டுவிரியனைச் சாரைக்குட்டி என்று தவறுதலாக எண்ணிவிட்டேன். அதனால் ஊசி போடத் தாமதமாயிற்று. இந்தச் சாவில் யாருக்கும் யார்மீதும் சந்தேகமில்லை.

கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் நல்லது. வகுப்பறையில் ஏற்பட்ட பழக்கம், மன்னியுங்கள்.

விசாரணைக்கு வந்தபோது எங்கள் முற்றத்தில் ஒரு கரும்பலகைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியில் வெள்ளைப் பெயின்டில் பதினேழு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். உங்கள் ஆட்களில் ஒருவர், "இன்னாத்துக்கு செவுத்துல வேலி வரைஞ்சு வெச்சிருக்காங்க" என்று கேட்டாராம். எங்கள் சமையல்காரி முனியம்மா சொல்லிச் சிரித்தாள். அது வேலி இல்லை. அது ஓர் எண். முறைப்படி வாசித்தால் நூற்றுப் பதினோரு கோடி கோடி என்று தொடங்கி நடுவில் மூச்சு வாங்கும். அதனால் பிள்ளைகள் பதினேழு ஒன்னு என்றே சொல்வார்கள்.

நான் போளூரிலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த வருடம் அதை எழுதினேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. மலைப்பிள்ளைகளுக்கு அப்போது நீள வகுத்தல் என்றால் பயம். வகுத்துக்கொண்டே வரும்போது மேலேயிருந்து அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்க வேண்டும். எந்த இலக்கம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிவதற்குள் கணக்கு தொலைந்துவிடும். எல்லா இலக்கமும் ஒன்றாகவே இருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா. ஒன்றை இறக்கு, வகு, கழி, மறுபடி ஒன்றை இறக்கு. ஒரே மாதத்தில் மொத்தப் பள்ளியும் "ஒன்னு எறக்கு" என்று ராகம் போட்டுக் கத்தியது. முதலில் ஏழால் வகுத்தோம். மீதி இரண்டு வந்தது. எதனால் வகுத்தாலும் ஏதாவது மீதி வந்தது.

அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இந்த எண்ணை மீதியில்லாமல் வகுத்து உடைக்கிற பகா எண் ஏதாவது இருக்குமானால், அது முப்பத்துநாலின் ஏதாவது ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். நூற்றுமூன்று அப்படிப்பட்டது. நூற்று முப்பத்தேழு அப்படிப்பட்டது. மற்றவற்றை நாம் தொடவே வேண்டாம். புத்தகங்களில் இருக்கிற விஷயம்தான், பிறகு பார்த்தேன். ஆனால் நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.

அன்றிலிருந்து காலை வணக்கம் முடிந்ததும் அந்தச் சுவரில் வகுத்தல் நடக்கும். ஒரு காலைக்கு இரண்டு எண், மூன்று எண். ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று இலக்கங்களைக் கூப்பிடும், நான் எழுதுவேன், மற்றவர்கள் ஒன்றை இறக்குவார்கள். முடிந்ததும் விடையின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளிச் சரிபார்ப்போம். சரியாக இருந்தால் அழிப்போம். அடுத்த நாள் அடுத்த எண். முதலில் மூன்று இலக்கத்தில் இருந்த வகுப்பான் ஏழு இலக்கத்துக்கு வந்துவிட்டது. பதினேழு ஒன்று அப்படியே நின்றது.

கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. தெரியும். நான் உலகம் தெரியாதவள் இல்லை. அதனால்தான் பள்ளியில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்: இந்த எண்ணை யாரும் எதிலும் தேடிப் பார்க்கக்கூடாது. பார்த்துச் சொல்வது காப்பியடிப்பது. நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அது உடையாது என்று எனக்குத் தெரியும்.

முனியம்மாகூட வருடத்துக்கு ஒருமுறை சோற்றுக் கரண்டியோடு வந்து நின்று கேட்பாள். "இன்னா டீச்சர், அந்த ஒன்னுங்க இன்னும் ஒடையலயா? எங்க மாமியா மனசு மாதிரி இல்ல இருக்குது." பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எங்கள் வீட்டைப் பற்றி உங்கள் காவலர் போளூரில் விசாரித்திருக்கிறார். அண்ணன்மார் பாகம் பிரித்தது, கிணற்றுக்கு நடுவில்கூடச் சுவர் எழுப்பியது, எனக்கு எந்தப் பக்கமும் இல்லாமல் போனது எல்லாம் கேட்டறிந்திருப்பார். அதை இதோடு சேர்க்காதீர்கள். ஒரு பெண் மலைக்கு வேலைக்கு வந்தால் கீழே ஏதோ உடைந்துபோயிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்குக் கணக்கு பிடிக்கும். இங்கே வேலை இருந்தது. வந்தேன்.

செந்தாமரை ஆறாம் வகுப்பில் எங்களிடம் சேர்ந்தாள். அவள் அப்பா சடையனுக்கு மேட்டுக்காட்டில் சாமை, நாலு புளியமரம். அவளுக்குக் கணீரென்ற குரல். அதனால் பல வருடம் அவள்தான் என் பக்கத்தில் நின்று இலக்கங்களைக் கூப்பிட்டாள். பிறகு கீழே போய்ப் படித்தாள், ஆசிரியர் பயிற்சி முடித்தாள், ஜீப் ஓட்டுகிற இளவரசனைக் கட்டிக்கொண்டாள், போன வருடம் எங்கள் பள்ளிக்கே கணக்கு எடுக்க வந்தாள். அவளை வேலைக்கு எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது நான்தான். அவள் வகுப்பில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும். பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள், என்னை டீச்சர் என்றார்கள். எனக்குப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படி எதுவும் இல்லை.

புளி உலுக்கும் காலத்தில் எங்கள் பள்ளிக்கு விடுமுறை விடுவோம். இல்லையென்றாலும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். அந்த விடுமுறை முடிந்ததும் ஆண்டு விழா. மேடைத் துணியை எடுத்து வெயிலில் போட வேண்டும் என்று செந்தாமரையை வரச் சொல்லியிருந்தேன். மத்தியானம் வந்தாள். முனியம்மா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் மூவரைத் தவிரப் பள்ளியில் யாரும் இல்லை.

சாமான் அறையில் சாமை மூட்டைகளும் பழைய பெஞ்சுகளும் இருக்கும். அலுவலக அறைக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய படங்களையும் அங்கேதான் வைத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் துணியை விட்டுவிட்டு அவள் நேராக ஒரு படத்தை எடுத்தாள். முன்பே பார்த்து வைத்திருக்கிறாள்.

"டீச்சர், ஒன்னு காட்டட்டா? கோச்சிக்க மாட்டீங்களே?"

"காட்டு."

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த பள்ளிக் குழுப்படம். நடுவில் நாற்காலியில் நான். கடைசி வரிசையில் இரட்டைச் சடையோடு அவள். செங்கத்திலிருந்து வந்த போட்டோக்காரர் அவசரப்பட்டார் என்று காலை வணக்கம் முடிந்த கையோடு முற்றத்திலேயே நின்று எடுத்துக்கொண்டோம்.

"நம்ம மூஞ்சிங்கள பாக்காதீங்க. பின்னாடி போர்டப் பாருங்க."

எங்கள் தலைகளுக்கு மேலே அன்றைய வகுத்தல் அழிக்கப்படாமல் இருந்தது. என் கையெழுத்து. வகுப்பான் இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று.

"ஏழாவது கழித்தலப் பாருங்க டீச்சர். ஏழு லட்சத்து முப்பத்தொம்பதாயிரத்து அறுநூத்தி அஞ்சு வரணும். இங்க முப்பத்தாறாயிரத்து தொள்ளாயிரத்தி அஞ்சுன்னு இருக்குது. ஒம்பதும் ஆறும் எடம் மாறிடுச்சு. எடம் மாறுனா கூட்டல் மாறாதே, அதான் ஒம்பது தள்ளிப் பாத்தப்போ நமக்கு ஆப்புடல. அத மட்டும் சரியாப் போட்டுட்டு இன்னும் மூணு ஒன்னு எறக்குனா..."

அவள் நிறுத்தினாள். சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.

"பூஜ்ஜியம் டீச்சர். மீதியே இல்ல. பதினேழு ஒன்னு ஒடைஞ்சிடுச்சு. எட்டு வருஷம் முன்னாடியே நீங்க ஒடைச்சிட்டீங்க, நாமதான் பாக்கல."

அவள் முகத்தில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும். அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

"ஃபோன்ல பாத்தியா?" என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போன வருசமே பாத்துட்டேன் டீச்சர். செங்கம் பஸ்ல சும்மா குந்திருந்தேன், கை கேக்கல. பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவீங்கன்னு வாயவே தொறக்கல. ஆனா இந்தப் படத்தப் பாத்ததுக்கப்புறம் ராத்திரி தூக்கமே வர்ல. உங்க கையாலயே வந்திருக்குதே."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு வருடமாகத் தினமும் காலையில் நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். பிள்ளைகள் ஒன்றை இறக்கினார்கள். அவள் என் பக்கத்தில் கைகட்டி நின்று நான் வகுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு. நோயாளிக்கு நோயைச் சொல்லாமல் பழம் உரித்துக் கொடுக்கிறவர்களைப் போல.

அவள் பேசிக்கொண்டே போனாள். ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னிலையில் அந்த வகுத்தலை நான் மறுபடி போட வேண்டுமாம். "பூஜ்ஜியம் வந்ததும் புள்ளைங்க கை தட்டுவாங்க பாருங்க, அமிர்தி வரைக்கும் கேக்கும். முனியம்மாக்காகிட்ட கேசரி கிண்டச் சொல்லியாச்சு. எதுக்குன்னு சொல்லல."

"முதலில் எப்படித் தவறு வந்தது என்று கேட்பார்களே" என்றேன்.

"நான்தானே அன்னிக்கு நெம்பரு கூப்ட்டேன். மாத்திக் கூப்ட்டுட்டேன்னு சொல்லிடறேன். சின்னப் புள்ள தப்பு, யாரு இன்னா சொல்லப்போறாங்க?"

அவள் மாற்றிக் கூப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என் மாணவி, என் பள்ளியில் நின்றுகொண்டு, என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய்யைத் தயார் செய்துவைத்திருந்தாள். பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருவருக்கு எவ்வளவு பெரிய அவமரியாதையையும் அன்போடு செய்துவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

படத்தை என் கையில் கொடுத்துவிட்டு மேடைத் துணியை எடுக்கப் போனாள். துணி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தது. கையை விட்டு இழுத்தாள். "ஸ், இன்னாது சுருக்குன்னுது" என்று கையை உதறினாள். துணியின் மடிப்பிலிருந்து அது இறங்கி, வாசலை ஒட்டி, வெயில் விழுந்திருந்த தரையின் குறுக்காக மெதுவாகப் போய்ப் பெஞ்சுகளுக்கு அடியில் மறைந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி விரலில் இருந்த இரண்டு பல்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தேன். நீலம் ஓடிய கறுப்பு. கழுத்துக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து இரண்டிரண்டாக மெல்லிய வெள்ளைக்கட்டு. வகுப்பறையில் மாட்டியிருக்கிற பாம்புப் படங்களை வரைந்தது நான்தான். கட்டுவிரியனுக்கு வெள்ளைக்கட்டு இரண்டிரண்டாக வரும் என்று ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்புக்குச் சொல்கிறேன்.

"இன்னா பாம்பு டீச்சர்?"

"சாரைக்குட்டி" என்றேன்.

அவ்வளவுதான். உங்கள் தாளில் வெளிச்சம் குறைவு என்று இருக்கிறது. மத்தியான வெயில் அந்தக் கதவுக்கு நேராக விழும். நீங்கள் வேண்டுமானால் வந்து பாருங்கள்.

நான் திட்டமிடவில்லை. ஆனால் யோசிக்காமல் வந்த சொல் என்றும் சொல்ல மாட்டேன். நாக்கில் அது தயாராக இருந்தது. அவளுக்கு வலி அதிகமில்லை. வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்கும். அவள் அதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு முனியம்மா ஓடி வந்தாள். "பாம்பா? அய்ய, வா தாமர, மொதல்ல போய் ஒரு ஊசி போட்டுனு வந்துடலாம்."

"சாரைக்குட்டிக்கு எதுக்கு ஊசி?" என்றேன்.

"டீச்சரே பாத்துட்டாங்கன்னா சரிதான். வெஷப்பாம்பா இருந்தாலும் டீச்சர் நிக்கறதப் பாத்து வெஷத்த வூட்டுல வெச்சிட்டு வந்திருக்கும்" என்றாள். செந்தாமரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விரலைக் கழுவி மஞ்சள் வைத்துவிட்டேன். பிறகு முனியம்மாவை மேலூர்க் கொட்டாய்க்குப் பால் வாங்கிவர அனுப்பினேன். ஏறி இறங்கப் பொழுது சாய்ந்துவிடும்.

இளவரசன் புளி ஏற்றிக்கொண்டு செங்கம் சந்தைக்குப் போயிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் தண்ணீர்த்தொட்டிக்கு அருகே போனால்தான் கைபேசிக்கு லைன் கிடைக்கும். நீ உட்கார், நான் பேசுகிறேன் என்று அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு போனேன். தொட்டியருகில் கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்மலையில் யாரோ புளியமரம் உலுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அவன் கிடைக்கவில்லை என்றேன். அது பொய் இல்லை. கூப்பிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அவளால் சும்மா உட்கார முடியவில்லை. "ஒருக்கா போட்டுக் காட்டறேன் டீச்சர், நீங்களே பாருங்க" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். நான் நாற்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்தேன். காலியான முற்றத்தில் அவள் தனியாக, "ஒன்னு எறக்கு" என்று ராகம் போட்டுக்கொண்டு வகுத்தாள். குரல் அந்த வயதில் இருந்த மாதிரியே இருந்தது. நாலாவது கழித்தலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தின்ற பலாச்சுளையாக இருக்கும் என்றாள். இருக்கலாம் என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி போனாள்.

ஏழாவது கழித்தலை எழுதிவிட்டுத் திரும்பினாள். ஒன்பது ஒன்பதின் இடத்திலும் ஆறு ஆறின் இடத்திலும் இருந்தன. "பாத்தீங்களா?" என்றாள். பிறகு மேலே அண்ணாந்து பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு ஒன்னும் ரெண்டு ரெண்டாத் தெரியுது டீச்சர்."

"வெயில்" என்றேன்.

இமைகள் பாதிக்கு மேல் தூக்க முடியாமல் இறங்கிவிட்டன. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். நாக்கு குழற ஆரம்பித்த பிறகு ஒருமுறை கேட்டாள். "சாரதானே டீச்சர்?"

"நான் எப்போதாவது உனக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனா?"

அவள் யோசித்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். அதை நான் வெகுநேரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். என்னைவிட அவளுக்கு அந்தக் கேள்வியின் விடை நன்றாகத் தெரியும். கையில் படத்தோடு வந்தவள் அவள்தான். ஆனாலும் இல்லை என்றாள். அவள் அதை மனமார ஒப்புக்கொண்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் எழுந்து துடைப்பானை எடுத்து, அவள் போட்டதை அழித்தேன். தூசி அவள் கண்ணில் விழாதபடி பக்கவாட்டில் மெதுவாகத் துடைத்தேன்.

பொழுது சாயும்போது சந்தை முடிந்து இளவரசனின் ஜீப் வந்தது. அவளைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் உடனே சொல்லவில்லை. அவன் அந்த வளைவுகளில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். சொன்னால் கை தடுமாறும்.

இதுவரை நீங்கள் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்றுதான் கேட்கப்போகிறீர்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் முனியம்மா சாமான் அறையில் ஒரு பாம்பை அடித்தாள். கட்டுவிரியன். ஊரே கூடிப் பார்த்தது. முனியம்மா என்னைப் பார்த்தாள். நான் தயாராக இருந்தேன். அவள் அழுதுகொண்டு என் கையைப் பிடித்தாள். "பாவம் டீச்சர் இன்னா பண்ணுவாங்க, வயசாவுதில்ல, கண்ணு மங்கிப்போச்சி" என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இளவரசன் ஒருநாள் வந்து வாசலில் நின்றான். கத்தியோடு வந்திருந்தால் உள்ளே கூப்பிட்டிருப்பேன். "வேணும்னா பண்ணீங்க? தப்பாப் பாத்துட்டீங்க. மனுசங்கன்னா தப்பு வராதா? வுடுங்க டீச்சர். ஒருநா கெளம்பி இருங்க, நானே ஜீப்புல கூட்டினு போய் கண்ணக் காட்டிட்டு வர்றேன்" என்றான். பெண்டாட்டியைப் புதைத்த கையின் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. என் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறான்.

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. போன திங்கட்கிழமை வழக்கம்போல வகுத்தோம். ஒன்பது தள்ளிப் பார்த்தோம், சரியாக இருந்தது. அழிக்கப் போனேன். ஏழாம் வகுப்பில் அபிநயா என்றொரு பெண் கை தூக்கினாள். "டீச்சர், இன்னொருக்கா மொதல்லருந்து பாத்துடலாமா?" என்றாள். அதட்டலாக இல்லை. பாட்டனுக்குச் சாலையைக் கடக்கக் கை கொடுப்பதுபோல மெதுவாகக் கேட்டாள். மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தாறு வருடத்தில் என் மீதியை யாரும் மறுபடி பார்க்கச் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் உங்களிடம் வருவது என்று முடிவெடுத்தேன். பிள்ளைகளுக்காகத்தான். ஒரு பிள்ளை வளர்வதற்கு உடையாத ஏதோ ஒன்று அதன் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அதை எழுதியவள் பார்வை தவறுகிறவள் என்று அவர்கள் நம்பிவிட்டால், பிறகு எதை நம்புவார்கள்? அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் பழைய படம். கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறியிருக்கிறது. சாக்பீஸ் எழுத்து. அதில் ஆறு எது, ஒன்பது எது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நான் அதை அடுப்பில் வைத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். உங்கள் முகத்திலும் முனியம்மாவின் முகத்தில் பார்த்த அதே பாவனை வந்துவிட்டது.

"டீச்சர், நீங்க ரொம்ப ஒடைஞ்சு போயிருக்கீங்க. நம்மளாலதான் போச்சேன்னு நெனச்சு நெனச்சு இப்படியெல்லாம் தோணுது. எங்க அம்மாவும் இப்படித்தான், அப்பா போனப்போ நான்தான் கொன்னேன்னு சொல்லினு இருந்தாங்க. இதையெல்லாம் நான் கேக்கல. தப்பாப் பாத்துட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வூட்டுக்குப் போய்த் தூங்குங்க. புள்ளைங்க காத்துனு இருப்பாங்க இல்ல?"

நீங்கள் நல்லவர். கொன்றேன் என்று எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும், எத்தனை பிரதி கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே சொன்னேன் என்று எழுதுங்கள். மூன்று மணிநேரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுங்கள். ஆனால் இந்தத் தாளில் என்னால் முடியாது.

பேனாவை மூடி உங்கள் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாம்பை நான் சரியாகத்தான் பார்த்தேன்.